பிராந்தி இல்லமொன்றின் மரபு: ஹெனெசி – ஒரு வரலாற்று நோக்கு

மரபு என்பது ஒரு மண்ணுக்கே உரியது, பிறர் கலப்பின்றி வளர்வது என்னும் கருத்துப் பரவலாக நிலவுகின்றது. மேற்குப் பிரான்சிலே சரான்ட் ஆற்றங்கரையிலுள்ள கொன்யாக் நகரின் புகழ்மிக்க பிராந்தி இல்லமான ஹெனெசியின் வரலாறு இக்கருத்தை மீளச் சிந்திக்கத் தூண்டுகின்றது.

இப்பிரதேசத்தின் பழைய வணிகப் பொருள்கள் உப்பும் வைனுமாகும். பதினேழாம் நூற்றாண்டளவில், இங்கு வைன் வாங்கிய ஒல்லாந்த வணிகர் அதனை வடித்தெடுக்கும் தொழிலை ஊக்குவித்தனர். 'எரித்த வைன்' எனப் பொருள்படும் அவர்தம் சொல்லின் வழியே பிராந்தி என்னும் பெயர் தோன்றியது. செப்புக் கலங்களில் இருமுறை வடிக்கும் வழக்கமும் காலப்போக்கில் நிலைபெற்றது. 1715 இல் மார்ட்டெல் இல்லத்தை நிறுவிய ஜோன் மார்ட்டெல் ஜேர்சித் தீவினர். 1765 இல் ஹெனெசி இல்லத்தை நிறுவிய ரிச்சட் ஹெனெசியோ பிரெஞ்சுப் படையிற் பணியாற்றிய அயர்லாந்தினர். இன்றும் வழங்கும் 'வி.எஸ்.ஓ.பி.' என்னும் தரக்குறியீடு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆனமை, இம்மதுவைக் கொண்டோர் யாவர் என்பதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வாறாயின் இவ்வில்லத்தின் தனித்துவம் யாது? அது கலவைக் கலையிலே தங்கியுள்ளது. நிறமற்ற வடிமது ஓக் மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்காக முதிர்ந்தே நிறமும் மணமும் பெறுகின்றது. ஆவியாய்க் கழியும் பகுதியைத் 'தேவதூதர் பங்கு' என்பர். பல தோட்டங்களினதும் பல ஆண்டுகளினதும் மதுவைச் சுவைத்துத் தேர்ந்து ஒன்றுசேர்க்கும் பணியை ஹெனெசியில் ஃபில்லியூ குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக ஆற்றிவந்துள்ளனர். பாட்டனார் சேமித்துவைத்த மது பேரனார் காலத்திலே கலவையிற் சேர்வதும் உண்டு.

1870களில், அமெரிக்காவிலிருந்து வந்த பைலொக்சரா என்னும் சிறுபூச்சி வேர்களைத் தாக்கித் திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கியது. சுண்ணாம்பு மண்ணுக்கேற்ற வேரினத்தைத் தேடி 1887 இல் பியர் வியாலா என்னும் அறிஞர் அமெரிக்கா சென்றார். அமெரிக்க வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடிகளை ஒட்டியதனாலேயே தோட்டங்கள் மீண்டன. அதன்பின்னரே, 1909 இல், அரசாணையொன்று கொன்யாக் பிரதேசத்திற்கு எல்லை வகுத்தது.

இல்லங்களின் புகழில் மறைந்துபோகும் ஒரு சாராரும் உளர். இல்லங்கள் தமக்கு வேண்டியவற்றின் பெரும்பகுதியை விவசாயிகளிடமிருந்தே பெறுகின்றன. போத்தலிலோ இல்லத்தின் பெயரே பொறிக்கப்படுகின்றது. அப்பெயரும் 1987 இல் எல்.வி.எம்.எச். என்னும் பெருங் கூட்டு நிறுவனத்தின் உடைமையாயிற்று.

எனவே, பிரான்சிய மரபெனப் போற்றப்படும் இதனைப் பகுத்து நோக்குமிடத்து, ஒல்லாந்தர் வணிகமும் அயர்லாந்தினர் முயற்சியும் அமெரிக்க வேரும் சரான்ட் விவசாயியின் உழைப்பும் அதன் கூறுகளாதல் புலனாகும். மரபின் உரிமை பற்றிப் பேசுவோர் இவற்றுள் எதனையும் விலக்கிவிட்டுப் பேசுதல் இயலாது.