பிராக் நகரத்துக் குதிரைச் சந்தை

பிராக் நகரத்து வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குச் சதுக்கம் என்ற பெயர் பொருந்தவே பொருந்தாது. ஏறக்குறைய 750 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமுமாக மேட்டை நோக்கி ஏறும் வீதி அது. நம் ஊர்த் தேரோடும் வீதியை நினைத்துக்கொண்டால் போதும். 1348-ல் நான்காம் சார்லஸ் மன்னன் புதுநகரம் எடுத்தபோது குதிரைச் சந்தைக்கென்று ஒதுக்கிய இடம். ஐந்நூறு வருஷம் அந்தப் பெயரே வழங்கிற்று. 1848 புரட்சியின்போதுதான் நாட்டைக் காக்கும் புனிதரான வென்செஸ்லாஸின் பெயரை வைத்தார்கள். குதிரைகள் போய்விட்டன. 1912-ல் ஒரு குதிரை மட்டும் திரும்பி வந்தது, வெண்கலத்தில், புனிதரைச் சுமந்துகொண்டு. 1918 அக்டோபர் 28-ல் அதன் காலடியில்தான் சுதந்திரப் பிரகடனத்தைப் படித்தார்கள்.

1968 ஆகஸ்டு 21-ல் சோவியத் டாங்கிகள் அங்கே வந்து நின்றன. மேட்டிலுள்ள அருங்காட்சியகத்தின் முகப்பைச் சுட்டுத் துளைத்தார்கள். பிறகு சர்க்கார் துளைகளை அடைத்தது. அடைத்த இடமெல்லாம் வெளுத்துப்போய், அம்மைத் தழும்பு மாதிரி வருஷக்கணக்கில் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது!

ஜனங்கள் இந்த ஆக்கிரமிப்புக்குப் பழகிவிடுவார்களோ என்று ஒரு மாணவன் தவித்தான். பெயர் யான் பாலக், வயது இருபது. 1969 ஜனவரி 16-ல் அந்த அருங்காட்சியகத்தின் எதிரே தன்மேல் தீ வைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. அவன் செய்ததைச் சரியென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றவளை நினைத்தால் வாய் அடைத்துப்போகிறது. ஆனால் அதன் பின் சர்க்கார் செய்ததைப் பாருங்கள். கல்லறையில் பூ வைக்க ஜனங்கள் வருவது பொறுக்காமல், 1973-ல் உடலைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். சாம்பலைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அந்தக் குழியில் யாரோ ஒரு கிழவியை அடக்கம் செய்தார்கள். டாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு பிணத்திடம் இத்தனை பயம்.

இருபதாம் ஆண்டு நினைவுநாளில், 1989 ஜனவரியில், சதுக்கத்தில் மலர் வைக்க வந்தவர்கள்மேல் அந்தக் குளிரில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள். அங்கே போயிருந்த நாடகாசிரியர் ஹாவெலுக்கு ஒன்பது மாதச் சிறை விதித்தார்கள். அவருடைய முதற்பெயரும் புனிதரின் பெயரேதான். செக் மொழியில் வாட்ஸ்லாவ். மே மாதமே வெளியே வந்துவிட்டார். நவம்பரில் அதே வீதியில் லட்சக்கணக்கானோர் கூடி, வீட்டுச் சாவிக்கொத்துகளை உயர்த்திக் குலுக்கினார்கள். டிசம்பர் 29-ல் ஹாவெல் ஜனாதிபதி.

அருங்காட்சியகத்தின் முன்னால் நடைபாதையில் இப்போது ஒரு வெண்கலச் சிலுவை படுத்திருக்கிறது. 2000-ல் அமைத்தது. உள்ளிருந்து ஏதோ முட்டுவதுபோல் கற்களுக்கிடையே புடைத்திருக்கும். கீழே பார்க்காமல் நடந்தால் காலில் தட்டும்.