பிரிவு 51ஏ: கத்தோலிக்கக் கல்லூரிகளில் நிர்வாக உரிமையும் ஆசிரியர் சுதந்திரமும்

சமய அடையாளமும் கல்விச் சுதந்திரமும் மோதுவதைப் பேசுவோர் போப் இரண்டாம் ஜான் பால் 1990இல் வெளியிட்ட 'எக்ஸ் கோர்தே எக்ளேசியே' ஆவணத்திலிருந்தே பெரும்பாலும் தொடங்குகின்றனர். இறையியல் கற்பிப்போர் திருச்சபையின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற அதன் விதி அமெரிக்காவில் பெரும் சர்ச்சையானது. இந்தியாவிலோ அதற்கு முன்பே இச்சிக்கல் வேறு வடிவில் நீதிமன்றம் ஏறிவிட்டது: வேதியியலோ வணிகவியலோ நடத்தும் ஆசிரியரை நிர்வாகம் நீக்கினால், அவர் யாரிடம் முறையிடுவது?

எர்ணாகுளத்தில் கன்னியர் சபை நடத்திய செயின்ட் ஜோசப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் லில்லி குரியன், பல்கலைக்கழக விதிப்படி துணைவேந்தரிடம் முறையிட்டார். லில்லி குரியன் வழக்கில் (1978, 1979 என்போர் அது அச்சான தொகுதியின் ஆண்டைச் சுட்டுகின்றனர்) உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.பி. சென், சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களை நிர்வகிக்க அரசியலமைப்பின் 30ஆம் உறுப்பு தரும் உரிமையை மீறுவதால், அந்த முறையீட்டு விதி சிறுபான்மைக் கல்லூரிக்குச் செல்லாது என்றார். அவர் ஊன்றி நின்றவற்றுள் 1974ஆம் ஆண்டின் அகமதாபாத் செயின்ட் சேவியர் கல்லூரித் தீர்ப்பும் ஒன்று. அத்தீர்ப்பு அவ்வளவு பாரம் தாங்காது என்பதே என் வாதம்.

அத்தீர்ப்பு ஆராய்ந்த குஜராத் பல்கலைக்கழகச் சட்டத்தின் 51ஏ பிரிவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு கூறுகள். 'அ' கூறு, தண்டிக்குமுன் ஆசிரியருக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்கச் சொல்கிறது. 'ஆ' கூறு, துணைவேந்தர் ஒப்பாமல் தண்டனை நடப்புக்கு வராது என்கிறது. நீதிபதி எச்.ஆர். கன்னா முதற்கூறை நியாயமான ஒழுங்குமுறை என்று ஏற்று, இரண்டாவதை மட்டுமே தள்ளினார். வரையறையற்ற தடுப்பதிகாரத்தை வெளியாரிடம் கொடுப்பதே அவருக்கு உறுத்தியது. ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த வழக்கு அது. பல தனித் தீர்ப்புரைகள். கன்னாவின் குரலே அமர்வின் குரல் என்று சாதிக்க நான் துணியவில்லை. ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்வேன். முன்கூட்டிய ஒப்புதல் நிர்வாகத்தின் கையைக் கட்டுகிறது. பின்னர் வரும் முறையீடு, அந்தக் கை செய்ததைச் சரிபார்க்கிறது. சென் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவிட்டார். முறையிட இடமில்லாதபோது 'அ' கூறு தரும் வாய்ப்பு வெறும் சடங்கு. கேரள விதியிலும் துணைவேந்தரின் அதிகாரத்துக்கு எல்லை இல்லை என்பது உண்மை. சென் அதோடு நின்றிருந்தால் எனக்குப் பிணக்கில்லை.

1986இல் பிராங்க் அந்தோணி பள்ளி வழக்கில் (அது கத்தோலிக்க நிறுவனம் அன்று) நீதிபதி சின்னப்ப ரெட்டி, முன் ஒப்புதல் கூடாது, தீர்ப்பாயத்திடம் மேல்முறையீடு ஆகும் என்று பிரித்துக் காட்டினார். மறு ஆண்டே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வழக்கில் (அதுவும் கத்தோலிக்க நிறுவனம் அன்று) தொழில் தகராறுச் சட்டம் சிறுபான்மை நிறுவனத்தையும் கட்டும் என்று தீர்ந்தது. ஆகவே திருப்பத்தை ஓர் ஆண்டில் அறைந்து வைப்பதைவிட, 1978க்கும் 1987க்கும் இடையில் என்பதே பொருந்தும். நான் எடுத்துக்கொண்ட வழக்குகள் எதிலும் ஆசிரியர் வகுப்பில் பேசிய கருத்து விசாரிக்கப்படவில்லை. ஆனால் வேலை நிலையாக இல்லாதவர் எந்தக் கருத்தைத் துணிந்து பேசுவார்?

பெங்களூரில் நிலைமை இன்று இன்னும் மாறியிருக்கிறது. கிறைஸ்ட் கல்லூரி 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. 1882இல் பிறந்த செயின்ட் ஜோசப் கல்லூரி 2022இல் பல்கலைக்கழகமானது. 1974இல் அஞ்சப்பட்ட துணைவேந்தர் வெளியார். பல்கலைக்கழகமே ஆகிவிட்ட நிறுவனத்தில் துணைவேந்தர் உள்ளேயே இருக்கிறார். அங்கே சென்னின் வாசிப்பை நீட்டினால், சிறுபான்மையினரைக் காக்கப் பிறந்த உரிமை நிர்வாகத்தை அதன் ஆசிரியரிடமிருந்து காக்கும் உரிமையாகச் சுருங்கும். 30ஆம் உறுப்பு அதற்காக எழுதப்படவில்லை.