விந்தணுக் கொடை: தெரிவுக்கு முன் அறிய வேண்டியவை

"இன்னும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்வி எங்கள் கப்பல்துறையிலும் பெண்ணிடமே கேட்கப்படுகிறது. குறை ஆணிடம் இருந்தாலும் பழி அவளுக்கே. இதை நான் எழுதக் காரணம் அதுதான்.

முதலில் கணவருக்கு விந்துப் பரிசோதனை அவசியம். விந்தில் அணுக்களே இல்லாத சிலருக்கும் விதைப்பையிலிருந்து அவற்றை எடுத்துச் சிகிச்சை செய்ய முடியும். அதுவும் இயலாதபோதே கொடை. 2025 இல் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் விந்தணு வங்கி தொடங்கியது. திருகோணமலையிலிருந்து அது ஏறக்குறைய 260 கிலோமீற்றர். பயணச் செலவையும் விடுப்பையும் முன்பே கணக்கிடுங்கள்.

நிறம், உயரத்தைவிட முக்கியமானவை எச்.ஐ.வி., ஹெபடைடிஸ், சிபிலிஸ் சோதனைகள், தலசீமியா, இரத்த வகை. எச்.ஐ.வி. தொற்றிய ஆரம்ப வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவே வங்கிகள் விந்தை உறையவைத்து, வழமையாக 6 மாதங்களின் பின் கொடையாளியை மீண்டும் சோதிக்கின்றன. தெரிந்தவரிடம் இரகசியமாகப் பெற்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் 2021 சட்டப்படி கொடையாளிக்கு 21 முதல் 55 வயது. ஒருவரின் விந்து ஒரு தம்பதிக்கு மட்டுமே. பிரித்தானியாவில் 2005 ஏப்ரல் முதல் பதிந்த கொடையாளி யாரென்பதைப் பிள்ளை 18 வயதில் கேட்டறியலாம்.

முதல் முயற்சியிலேயே கரு தங்காமல் போவது சாதாரணம். எத்தனை முறை முயல்வது, யாருக்குச் சொல்வது, பிள்ளைக்கு எப்போது சொல்வது என்பதை இருவரும் முன்பே பேசி முடிவெடுங்கள். மாதவிடாய் வந்துவிட்ட நாளில் அவளைத் தனியே அழவிடாதீர்கள்.