பிரமிடுக்குள் மாட்டிக்கொண்ட கிளியோபாட்ரா

கர்நாடக சங்கீதமே அரைகுறை, இதுல ஓபராவான்னு சிரிக்காதீங்க மக்களே. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபீஸ்ல பில்டு ஓடிட்டிருந்தது. தூங்காம இருக்க யூடியூப்ல எதையோ தட்டப் போய் லியோன்டின் பிரைஸ்கிட்ட மாட்டினேன். பாஷை ஒரு எழவும் புரியலை. ஆனா ஹெட்போனைக் கழட்டவும் முடியலை.

சொப்ரானோன்னா பெண்குரல்ல உச்ச ஸ்தாயி. ஓபராவில் மைக் கிடையாது. முழு ஆர்கெஸ்ட்ராவையும் தாண்டி, கடைசி வரிசைக்கு வெறுங்குரல் போய்ச் சேரணும்.

அம்மணி பிறந்தது 1927-ல, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்ற ஊரில். அப்பாவுக்கு மரமில்லில் வேலை, அம்மா மருத்துவச்சி. கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனி இருக்கை என்றிருந்த ஊர். ஒன்பது வயசில் மரியன் ஆண்டர்சன் கச்சேரிக்கு அம்மா கூட்டிப்போக, பாட்டு ஆசை அங்கே பிடித்துக்கொண்டது. அப்புறம் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளி.

1955 ஜனவரியில் அதே ஆண்டர்சன், மெட்ரோபாலிட்டன் ஓபராவில் பாடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். அந்த மாசமே என்பிசி டிவியில் பிரைஸ் 'டோஸ்கா' பாடினார். தென்மாநில நிலையங்கள் சில அதை ஒளிபரப்பவே மறுத்துவிட்டன. வெள்ளைக்கார நடிகரின் காதலியாக ஒரு கறுப்புப் பெண்ணா என்பதுதான் பிரச்சினை. குரலைப் பற்றி யாருக்கும் புகாரில்லை!

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். 1958 வாக்கில் மெட் கூப்பிட்டது, 'ஐடா' பாட. ஐடா எகிப்தில் அடிமையாக இருக்கும் எத்தியோப்பிய இளவரசி. வழிகாட்டியாக இருந்த பீட்டர் ஹெர்மன் ஆட்லர், மெட்டில் முதன்முதலா நுழையறது அடிமை வேஷத்தில் வேண்டாம்னு தடுத்தார். அவரும் மறுத்துட்டார். இத்தனைக்கும் ஐடா அவருக்குக் கைவந்த பாத்திரம். சான் பிரான்சிஸ்கோ, வியன்னா, 1960-ல் மிலானின் லா ஸ்காலா என்று எல்லா இடத்திலும் அதைத்தான் பாடிக் கொடி நாட்டினார். ஆன்சைட் சான்ஸ் வந்தா என்ன வேலைன்னுகூடக் கேட்காம பெட்டி கட்டுற எனக்கு, இந்த "முடியாது" கொஞ்சம் உறைத்தது.

கடைசியில் 1961 ஜனவரி 27-ல் மெட்டில் நுழைந்தார், 'இல் ட்ரோவடோரே'வின் லியோனோராவாக. அடிமை இல்லை, அரசவைச் சீமாட்டி. முடிந்ததும் கைதட்டல் 42 நிமிஷம்னு சொல்றாங்க. நம்ம சபாக்களில் மங்களத்துக்கு முன்னாடியே பார்க்கிங்குக்கு ஓடுவோம், அது வேற கதை :-)

எல்லாமே ஏறுமுகம்னு நினைக்காதீங்க. அந்த வருஷ இறுதியில் 'லா ஃபான்சியுல்லா டெல் வெஸ்ட்' பாடும்போது நடுவில் குரல் போய்விட்டது. அந்த அங்கத்தைப் பேசியே ஒப்பேற்றினார், கடைசி அங்கத்துக்கு வேறொருவர் வந்தார். 1966-ல் லிங்கன் சென்டரில் மெட்டின் புது அரங்கத்தைத் திறக்க, அவருக்காகவே சாமுவேல் பார்பர் எழுதியது 'ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா'. பிரமாண்ட செட்டு. ஒத்திகையில் சுழல்மேடை பழுதாகி, கிளியோபாட்ரா பிரமிடுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். விமர்சகர்கள் ஓபராவைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அதற்கப்புறம் மேடை நாடகத்தை மெல்லக் குறைத்து, பியானோ மட்டும் துணைக்கு வைத்த கச்சேரிகளுக்கு நகர்ந்தார். அதில் பார்பரின் பாடல்களும் இருக்கும், கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களும் இருக்கும்.

நான் அந்த ராத்திரி பார்த்தது 1985 ஜனவரி 3, மெட்டில் அவருடைய கடைசி ஓபரா. அதே ஐடா! தன் நாட்டை இனிப் பார்க்கவே முடியாதோன்னு ஏங்குற பாட்டு. முடிஞ்சதும் சில நிமிஷத்துக்குக் கைதட்டல் ஓயலை. 57 வயசு அம்மா, வேஷத்தைக் கலைக்காம அப்படியே நிக்கறார், கண் மட்டும் கலங்குது. பில்டு எப்பவோ ஃபெயில் ஆகியிருந்தது, நான் கவனிக்கவே இல்லை.

கச்சேரிகளையும் 1997-ல் நிறுத்தினார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அந்த மாசக் கடைசியில் கார்னகி ஹாலில் நடந்த அஞ்சலிக்கு மட்டும் திரும்பி வந்தார். 74 வயசு. சின்ன வயசில் சர்ச்சில் பாடுற மாதிரி ஒரு பக்திப் பாட்டும் பாடிட்டுப் போனார்.