வேனுக்குள் ஒரு கணிப்பொறி – அதன் சாவி யாரிடம்?

பி.காம். படிக்கிறவனுக்கு வேன் ரிப்பேரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஸ்பானர் பிடிக்கவே எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் "பாடி கண்ட்ரோல் மாட்யூல்" என்கிற ஒரு சின்னப் பெட்டியின் கதையைப் படிக்க ஆரம்பித்தால், அது சீக்கிரமே வண்டியை விட்டு இறங்கி சந்தை, சட்டம், ஏகபோகம் என்று எங்கள் பாடப்புத்தகத்துக்குள் வந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வேன். 1979-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் திவாலாகும் நிலையில் இருந்தது. 150 கோடி டாலர் கடனுக்கு அரசாங்கமே ஜாமீன் நின்றது. லீ அயகோக்கா தலைமையில், ஹால் ஸ்பெர்லிச் பல வருடம் மனதில் வைத்திருந்த "காருக்கும் வேனுக்கும் நடுவே ஒரு வண்டி" என்ற யோசனைக்கு உயிர் வந்தது. 1983 நவம்பரில் கனடாவின் வின்ட்சர் தொழிற்சாலையிலிருந்து மினிவேன்கள் வெளிவந்தன. டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர். விற்றுத் தள்ளின. கம்பெனி பிழைத்ததற்கு இந்த வேன்கள் ஒரு முக்கியக் காரணம்.

அந்த முதல் வேன்களில் உள்விளக்கு எரியவில்லை என்றால் கண்டுபிடிப்பது சுலபம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து பல்பு. ஒரு டெஸ்ட் லாம்ப் இருந்தால் போதும், வயரைப் பிடித்துக்கொண்டே போனால் பழுது கிடைத்துவிடும். எஞ்சினுக்குள் அப்போதே கணிப்பொறி நுழைந்திருந்தது. ஆனால் அதுகூட ஊமை இல்லை. பழைய கிரைஸ்லர் வண்டிகளில் சாவியை ஐந்து விநாடிக்குள் ஆன்-ஆஃப்-ஆன்-ஆஃப்-ஆன் என்று திருகினால், "செக் எஞ்சின்" விளக்கு மினுக்கி மினுக்கி பழுதின் எண்ணைச் சொல்லும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியில் இரண்டு முனைகளைப் பேப்பர் கிளிப்பால் இணைத்தால் அதே வித்தை. கருவிச் செலவு பத்துப் பைசா :-)

பிறகு என்ன ஆயிற்று? வசதிகள் கூடின. பவர் ஜன்னல், சென்ட்ரல் லாக்கிங், ரிமோட், விட்டு விட்டு ஓடும் வைப்பர்... ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் போட்டால் வண்டி முழுக்கச் செம்புதான் இருக்கும். இதற்கு ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-ல் ஒரு வழி தேட ஆரம்பித்து, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் வெளியிட்டது. அதுதான் "கேன் பஸ்". இரண்டே வயர்களில் எல்லாக் கணிப்பொறிகளும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. கிரைஸ்லர் தன் பங்குக்குச் சொந்தமாக ஒரு தகவல் பாதையை 1988 வாக்கிலேயே வண்டியில் வைத்துவிட்டது. இந்தப் பாதைகளின் நடுவே கதவு, விளக்கு, வைப்பர், அலாரம் என்று எஞ்சின் அல்லாத எல்லாவற்றையும் மேய்க்க உட்கார்ந்த பெட்டிதான் பாடி கண்ட்ரோல் மாட்யூல். சுருக்கமாக பி.சி.எம். இப்போது நீங்கள் அழுத்தும் சுவிட்சில் மின்சாரம் பல்புக்கு ஓடுவதில்லை. அது ஒரு விண்ணப்பம் மட்டுமே. மனுவை வாங்கிக்கொண்டு ரிலேவைத் தட்டலாமா என்று பெட்டி முடிவு செய்யும். (நம்ம ஊர் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

இந்தப் பெட்டி கெட்டால் வண்டிக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். வைப்பர் தானாக ஓடும், கதவுப் பூட்டு டக் டக் என்று அடித்துக்கொள்ளும், இரவு முழுக்க ஏதோ ஒன்று தூங்காமல் விழித்திருந்து காலையில் பேட்டரி செத்திருக்கும். ஆனால் அனுபவசாலிகள் எடுத்ததும் பெட்டியைக் குற்றம் சொல்வதில்லை. பேட்டரி வோல்டேஜ் சரியா, எர்த் வயர் துருப்பிடித்ததா, முன் கண்ணாடி ஓரமாகக் கசிந்த மழைத்தண்ணீர் கனெக்டரில் இறங்கியதா என்று முதலில் பார்ப்பார்கள். வண்டியை மூடிவிட்டு, எல்லாப் பெட்டிகளும் தூங்கக் கொஞ்ச நேரம் கொடுத்து, பேட்டரி வயரில் ஆம்மீட்டரைத் தொடராக வைப்பார்கள். சுமார் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. அதிகம் என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். எதைப் பிடுங்கும்போது குறைகிறதோ அந்தப் பாதையில் திருடன் இருக்கிறான்.

கேன் பஸ் உள்ள வண்டியென்றால் இன்னொரு அழகான சோதனை உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் நடுவே மின்தடையை அளப்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் வரவேண்டும். பஸ்ஸின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கிறது. இரண்டும் இணையாகச் சேர்ந்தால் 60. மீட்டரில் 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டன. பிளஸ் டூ இயற்பியல்! இதெல்லாம் சரியாக இருந்து, பெட்டிக்குள் மின்சாரமும் எர்த்தும் ஒழுங்காகப் போய், வெளியே மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால்தான் பெட்டி குற்றவாளி.

சரி, மாற்றிவிடலாம். நாலு ஸ்க்ரூ, சில கனெக்டர், பத்து நிமிட வேலை. இங்கேதான் நான் சொல்ல வந்த வரலாறு ஆரம்பிக்கிறது.

அந்த 16 முனை சாக்கெட் எப்படி வந்தது தெரியுமா? லாஸ் ஏஞ்சலஸ் நகரின் புகையால்! அதற்கு வாகனப் புகை ஒரு முக்கியக் காரணம் என்று 1950-களில் காட்டியவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர். 1967-ல் கலிஃபோர்னியாவில் காற்று வள வாரியம் உருவானபோது அவரே அதன் முதல் தலைவர். "புகையைக் கட்டுப்படுத்தும் கருவி கெட்டால் வண்டியே சொல்லவேண்டும்" என்று அந்த வாரியம் போட்ட விதிதான் ஓ.பி.டி. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் ஒரே சாக்கெட், ஒரே மாதிரி பழுது எண்கள் கட்டாயமாயின. பழுது எண்ணின் முதல் எழுத்து எந்தப் பகுதி என்று சொல்லும். (எஞ்சினுக்கும் பாடிக்கும் தமிழில் எழுதினால் இரண்டுமே "பி" தான், ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து!) 1990-ல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டப்படி, புகை சம்பந்தப்பட்ட ரிப்பேர் தகவலை வெளிக் கடைக்காரர்களுக்கும் கொடுத்தாக வேண்டும்.

கவனியுங்கள், புகை சம்பந்தப்பட்ட தகவலை மட்டும். கதவுப் பூட்டிலிருந்து புகை வருமா? வராது. ஆகவே பி.சி.எம். அந்தச் சட்டத்தின் வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. அதன் பழுது எண்கள் பெரும்பாலும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. புதுப் பெட்டியை மாட்டினாலும் அந்த வண்டியின் அடையாள எண்ணையும் அதில் இருக்கும் வசதிகளையும் அதற்குள் எழுதவேண்டும். சில வண்டிகளில் சாவியையும் அறிமுகப்படுத்த வேண்டும். அந்த மென்பொருள் டீலரிடம். காயலான் கடையில் மலிவாக ஒரு பெட்டி வாங்கி மாட்டினால், அது இன்னொரு வண்டியின் நினைவோடு வரும். சில மாடல்களில் ஓடிய மைல் கணக்கும் இம்மாதிரிப் பெட்டிக்குள்தான். இதற்கு அமெரிக்கச் சட்டத்தில் வேடிக்கையான ஒரு விதி இருக்கிறது. ரிப்பேருக்குப் பின் பழைய மைல் கணக்கை மீட்டரில் வைக்க முடியாவிட்டால் அதைப் பூஜ்யமாக்கி, பழைய கணக்கையும் தேதியையும் எழுதி இடதுபக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டவேண்டும்.

எங்கள் பொருளாதார வகுப்பில் ஏகபோகத்துக்கு உதாரணம் கேட்டால் ரயில்வே என்போம். எனக்கு இதுதான் சரியான உதாரணமாகப் படுகிறது. வண்டி வாங்கும்போது சந்தையில் பத்துக் கம்பெனி. வாங்கிய மறுநாள் உங்கள் வண்டியின் பெட்டியோடு பேசத் தெரிந்தவர் ஒரே ஒருவர்.

இதை எதிர்த்து மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 நவம்பரில் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 86 சதவீதம் பேர் வெளி மெக்கானிக்குகள் பக்கம். டீலருக்குக் கிடைக்கும் பழுதுபார்ப்புத் தகவல் நியாயமான விலையில் எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்று சட்டமாயிற்று. 2014-ல் கம்பெனிகள் அதையே நாடு முழுவதற்கும் ஒப்பந்தமாக ஏற்றன.

நம் நாட்டில் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில் ஆரம்பித்து, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குற்றச்சாட்டு இதேதான்: உதிரிபாகமும் பழுது கண்டறியும் கருவியும் வெளிக் கடைகளுக்குக் கிடைக்காமல் செய்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கென்றால் அப்படித்தானே.

கம்பெனிகள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2015-ல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இருவர் வீட்டிலிருந்தபடியே ஒரு ஜீப்பை நெடுஞ்சாலையில் ஆட்டிப்படைத்துக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2018 மாடல்களிலிருந்து அதே நிறுவனம் சாக்கெட்டுக்கும் கணிப்பொறிகளுக்கும் நடுவே ஒரு காவல்பெட்டி வைத்தது. திருடனைத் தடுக்க வைத்த பூட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் வெளியே நின்றவர்களில் தெருமுனை மெக்கானிக்கும் ஒருவர். பதிவு செய்து பணம் கட்டினால் திறக்க வழி பிற்பாடு வந்தது.

2020-ல் மாசசூசெட்ஸ் மறுபடி வாக்களித்தது. இம்முறை வண்டி காற்று வழியாகக் கம்பெனிக்கு அனுப்பும் தகவல் பற்றி. சுமார் 75 சதவீதம் ஆதரவு. உடனே கம்பெனிகளின் சங்கம் வழக்குப் போட்டது. 2025 பிப்ரவரியில்தான் மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்தப் பழைய பேப்பர் கிளிப்பை இன்னும் யாராவது பத்திரமாக வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை.