90 போன வழி

வலது கை ஒரு ஸ்ட்ரிங்ஸ் கார்டைப் பிடித்திருக்கிறது. இடது கட்டைவிரலால் மாடுலேஷன் வீலை மெல்ல மேலே தள்ளுகிறேன். முக்கால் தூரம் ஏறுவதற்குச் சற்று முன்னால் ஒரு செய்தி பிறக்கிறது: 176, 1, 90.

வீலுக்கு அடியில் இருப்பது பழைய ரேடியோவின் வால்யூம் குமிழில் இருக்கும் அதே வகைப் பொட்டன்ஷியோமீட்டர். அதிலிருந்து வரும் மின்னழுத்தத்தைக் கீபோர்டுக்குள் இருக்கும் சிப் அளந்து, 0 முதல் 127க்குள் ஓர் எண்ணாக்குகிறது. 176 என்றால் முதல் சேனலில் ஏதோ ஒரு கன்ட்ரோல் நகர்ந்திருக்கிறது. 1 என்றால் மாடுலேஷன். 90 அதன் அளவு. இந்த மூன்றிலும் ஒலி இல்லை. என் விரல் எவ்வளவு தூரம் போனது என்ற தகவல்தான் இருக்கிறது. அது புரிந்த நாளிலிருந்துதான், இசைக்கருவிகள் பேசிக்கொள்ளும் மொழியான மிடியின் மேல் எனக்குப் பிரியம் வந்தது.

செய்தி ஐந்து பின் கேபிளில் இறங்குகிறது. வேகம் வினாடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு 8 பிட், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொன்று. மூன்று பைட்டுக்கு 30. ஒரு மில்லி வினாடிக்குள் மறுமுனை வந்துவிடுகிறது. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவின் அனஹைமில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், டேவ் ஸ்மித்தின் நிறுவனம் செய்த ப்ராஃபெட்-600 சிந்தசைசரும் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6ம் இப்படிப்பட்ட கேபிளில்தான் பேசிக்கொண்டன. சந்தையில் மோதும் இரண்டு நிறுவனங்கள் ஒரே மொழிக்கு ஒத்துக்கொண்டதை இன்றைக்கும் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

கேபிள் முடியும் இடத்தில் ஆப்டோகப்ளர் என்ற சின்னச் சில்லு. அதற்குள் ஓர் எல்இடி மினுங்குகிறது, எதிரே இருக்கும் ஒளி உணரி அதைப் படிக்கிறது. இரண்டு கருவிகளின் மின்சுற்றும் ஒன்றையொன்று தொடக் கூடாது, தொட்டால் ஸ்பீக்கரில் இரைச்சல் ஏறும் என்பதற்காக இந்த ஏற்பாடு. என் 90 அந்த இடைவெளியை வெறும் வெளிச்சமாகத் தாண்டுகிறது.

கம்ப்யூட்டருக்குள் வந்ததும் முதலில் மாறுவது அதன் பெயர். நான் எடுத்திருக்கும் ஸ்ட்ரிங்ஸ், 1 என்ற எண் வந்தால் வைப்ராட்டோவைக் கூட்டும். எனக்கு வேண்டியதோ ஒலி விம்மி எழுவது. அதற்கு உரிய எண் 11, எக்ஸ்பிரஷன். வரும் எண்ணை வேறு எண்ணாக்கும் மேப்பிங்கில் நடு எண்ணை மாற்றுகிறேன்: 176, 11, 90. அடுத்து அளவு. வீலை முழுக்க இறக்கினாலும் வயலின்கள் செத்துப்போகக் கூடாது என்பதால் 0–127 என்பதை 20–127 ஆக்கியிருக்கிறேன். 90 இப்போது 96.

அதன் மேல் ஓர் எல்எஃப்ஓவை ஏற்றுகிறேன். மெதுவாக மேலும் கீழும் ஆடும் அலை அது. 40 கூட்டும், 40 குறைக்கும். அலையின் உச்சியில் 136 வருகிறது. இங்கேதான் கவனம் வேண்டும். மிடியில் 128க்குக் குறைந்த பைட் தகவல், 128ம் அதற்கு மேலும் கட்டளை. 136ஐ அப்படியே வெளியே அனுப்பினால், வாங்கும் கருவி அதை ‘9ஆம் சேனலில் நோட்டை நிறுத்து’ என்று படித்துவிடும். சரி, மேல் பிட்டை மட்டும் வெட்டிவிடலாமே என்றால் 136 என்பது 8 ஆகிவிடும். ஓங்கி எழுந்த வயலின்கள் உச்சியில் திடீரென்று அடங்கிப்போகும். ஒருமுறை ராத்திரி முழுக்க இந்தப் பள்ளத்தைத் தேடி, தப்பு சாம்பிளில் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு நான் எழுதிய ஒரே வரிக் கணக்கில் இருந்தது. 127ஐத் தாண்டினால் 127லேயே நிறுத்து என்று அடுத்த வரி எழுதியதும் விம்மல் முழுசாகக் கேட்டது.

இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறேன். மேப்பிங்குக்கு முன்னால் வந்ததைத்தான் டிராக்கில் பதிவு செய்வேன். மாற்றிய எண்ணைப் பதிந்தால் கை செய்தது போய்விடும். எல்எஃப்ஓவின் ஆட்டத்திலிருந்து விரலின் அசைவைத் திரும்பப் பிரித்தெடுக்க வழியில்லை.

மறுநாள் காலையில் ஃபைலைத் திறக்கிறேன். 176, 1, 90 இருந்த இடத்திலேயே இருக்கிறது. மேப்பிங்கில் 11ஐ எடுத்துவிட்டு ஃபில்டருக்கான 74 போடுகிறேன், ஸ்ட்ரிங்ஸுக்குப் பதில் ஒரு சிந்தசைசர். பிளே அழுத்தினால், நேற்று வயலின்களை எழுப்பிய அதே கட்டைவிரல் இன்று ஒரு மங்கிய ஒலியின் ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு போகிறது.