'அதிகம்' என்றால் கூட்டலா? பட்டைப் படம் வந்த கதை

முதலில் இந்தக் கணக்கைப் பாருங்க.

குமரனிடம் 35 கோலிகள் உள்ளன. அது வள்ளியிடம் உள்ளதைவிட 12 அதிகம். வள்ளியிடம் எத்தனை கோலிகள் உள்ளன?

47 என்று எழுதிட்டீங்களா? அப்படி எழுதும் மாணவருக்குக் கூட்டல் நன்றாகவே வரும். 'அதிகம்' என்ற சொல் கண்ணில் பட்டவுடன் கை தானாகக் கூட்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

இது நம்ம தமிழ்ப்பள்ளிக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. 1981இல் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு ஏறக்குறைய 17,000 தொடக்கப்பள்ளி மாணவர்களைச் சோதித்துப் பார்த்தது. 'மொத்தம்', 'மீதம்' போன்ற குறிப்புச் சொற்கள் இருந்த பிரச்சனைக் கணக்குகளை 87 விழுக்காட்டினர் செய்துவிட்டார்கள். குறிப்புச் சொல் இல்லாத கணக்குகளில் அது 46 விழுக்காடாக இறங்கியது. பிள்ளைகள் கணக்கைப் படிக்கவில்லை, சொல்லைத் தேடினார்கள்.

1980இல் அங்கே தொடங்கப்பட்ட பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில், கோ டெக் ஹோங் தலைமையிலான குழு கணிதப் பாடநூல்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் சொன்ன கருத்து அவர்களுக்குக் கைகொடுத்தது: பிள்ளை முதலில் பொருளைக் கையாள வேண்டும், அடுத்துப் படமாகக் காண வேண்டும், அதன் பிறகே எண்ணும் குறியும். நாம் பெரும்பாலும் தாண்டிப் போவது அந்த நடுப்படியைத்தான். அவர்கள் அங்கே செவ்வகப் பட்டையை வைத்தார்கள். 1980களில் அது பாடநூலுக்குள் வந்தது. 1995இல் நடந்த டிம்ஸ் அனைத்துலகக் கணித ஆய்வில் சிங்கப்பூர் முதலிடம் பெற்ற பிறகு வெளிநாட்டாரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சரி, நம்ம கணக்குக்கு வருவோம். குமரனுக்கு ஒரு பட்டை வரைந்து 35 என்று குறியுங்க. அடுத்து வள்ளி. இங்கேதான் நிதானம் வேண்டும். 'வள்ளியிடம் உள்ளதைவிட' என்கிறது கணக்கு; ஆக, அதிகம் வைத்திருப்பவன் குமரன். வள்ளியின் பட்டை குட்டை. இரண்டு பட்டையும் இடப்பக்கம் ஒரே கோட்டில் தொடங்கட்டும். வலப்பக்கம் குமரனுக்கு மிஞ்சுகிற துண்டுதான் 12. இப்போது 35 − 12 = 23 என்பது படத்திலேயே தெரிகிறது. சரிபார்க்க: 23 + 12 = 35.

ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூலில் சொன்ன நான்கு படிகள் ஆசிரியர்களுக்குத் தெரியும்: புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். பட்டை முதல் இரண்டு படிக்கு உதவுகிறது. விடையை எழுதிவிட்டு, புள்ளிக்காகக் கடைசியில் பட்டை போடும் மாணவர்களும் உண்டு. அது வெறும் அலங்காரம்.

மாணவர்களே, இதைச் செய்து பாருங்க. மாலாவிடமும் கவினிடமும் மொத்தம் 50 அஞ்சல்தலைகள் உள்ளன. மாலாவிடம் கவினைவிட 8 அதிகம். கவினிடம் எத்தனை? 50ஐ உடனே இரண்டாக வகுத்துவிடாதீங்க. பட்டையில் மிஞ்சும் துண்டை முதலில் வெட்டி எடுங்க. பிறகு இரண்டு பட்டையும் ஒரே நீளம்.